சந்தை விலைப்பலகையை விரலுக்குப் பழக்குதல்: ஒரு ஸ்க்ரோல் பெட்டியின் வேலைக் குறிப்பு

யாழ்ப்பாண மாவட்டத்தின் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய ஐந்து சந்தைகளின் மரக்கறி விலையை ஒரே அட்டவணையில் காட்டும் இணையப் பக்கம். மரக்கறிக்கு ஒரு நிரையாக 40 நிரை. பெயருக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று என 6 நிரல். கணினித் திரையில் ஒரு குறையும் இல்லை. 360 பிக்சல் அகலப் போனில் திறந்தால் சாவகச்சேரியும் கொடிகாமமும் திரைக்கு வெளியே போய்விடும். கொஞ்சம் கீழே இறங்கினால் எந்த நிரல் எந்தச் சந்தை என்று விளங்காது. பார்க்கிறவர்களோ தோட்டத்திலும் சந்தை வாசலிலும் நின்று, ஒற்றைக் கையில் போனைப் பிடித்துப் பெருவிரலால் தள்ளுகிறவர்கள்.

இந்த அட்டவணையை ஒரு ஸ்க்ரோல் பெட்டிக்குள், அதாவது தான் நிற்க உள்ளே இருப்பது மட்டும் ஓடும் பெட்டிக்குள், வைத்த வேலையின் குறிப்பு இது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் சொற்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறோம். ஓட்டோ என்று வருமிடத்தில் முச்சக்கர வண்டியை நினைக்க வேண்டாம், உலாவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள்.

முதற் பிசகு: ஒட்டாத தலைப்பு

தொடக்கம் எல்லோரும் செய்வதுதான்: அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டி உறுப்பு), அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஓட்டோ (பக்கவாட்டில் வழிந்தால் ஓடவிடு). பக்கவாட்டு ஓட்டம் உடனே கிடைத்தது. அடுத்து, தலைப்பு நிரை மேலேயே நிற்கட்டும் என்று அதன் கட்டங்களுக்கு பொசிஷன்: ஸ்டிக்கி (ஒட்டி நில்), டொப்: 0 கொடுத்தால் அது நிற்கவில்லை. பக்கத்தோடு சேர்ந்து மேலே போய்விட்டது.

ஒரு திசைக்கு ஓட்டோ கொடுத்த பெட்டியில் மற்றத் திசை விசிபிள் (வழிந்ததை வெளியே காட்டு) ஆக இருக்க முடியாது. உலாவி அதையும் தானாக ஓட்டோ ஆக்கிவிடும். ஓவர்ஃப்ளோ-வை: கிளிப் (வழிந்ததை வெட்டு) என்று எழுதித் தப்பலாம் என்றால் அது ஹிடன் (வழிந்ததை மறை) ஆக மாறும். எப்படி எழுதினாலும் அந்த டிவ் இரண்டு திசைக்கும் ஸ்க்ரோல் பெட்டிதான். ஸ்டிக்கி கொடுத்த கட்டம் தனக்கு மேலே முதலில் அகப்படும் ஸ்க்ரோல் பெட்டியோடுதான் ஒட்டும். இங்கே அந்தப் பெட்டிக்கு உயர வரம்பு இல்லை, ஆகவே உள்ளே மேல்கீழாக ஓட ஒன்றும் இல்லை. ஓடுவது வெளியே உள்ள முழுப் பக்கம். தலைப்பு ஒட்டித்தான் இருக்கிறது, ஓடாத பெட்டியோடு ஒட்டியிருக்கிறது.

ஆகவே முடிவு: இரண்டு திசை ஓட்டத்தையும் ஒரே பெட்டியிடம் கொடுப்பது. பக்கம் ஓடாது, பெட்டி மட்டும் ஓடும். இதற்கு ஒரு விலை உண்டு. போன் குரோமில் பக்கம் ஓடும்போதுதான் முகவரிப் பட்டை ஒளியும். உட்பெட்டி ஓடினால் அது அப்படியே நிற்கும். ஏறத்தாழ ஒரு நிரை இடம் போனது போனதுதான். ஒட்டி நிற்கும் தலைப்புக்காக அந்த இடத்தைக் கொடுத்தோம்.

பெட்டி ஓடாவிட்டால் அதன் உறைகளைப் பாருங்கள்

பெட்டிக்கு உயரம் எங்கிருந்தோ வர வேண்டும். பொடிக்கு, அதாவது பக்கம் முழுவதையும் அடக்கும் உறுப்புக்கு, முதலில் ஹைட்: 100விஎச், அடுத்த வரியில் ஹைட்: 100எஸ்விஎச். விஎச் என்பது முகவரிப் பட்டை ஒளிந்த பிறகுள்ள பெரிய உயரத்தைக் கணக்கெடுக்கும். அதை மட்டும் போட்டால் கீழ்ப்பட்டை திரைக்குக் கீழே மறைந்துவிடும். எஸ்விஎச், பட்டை தெரியும்போதுள்ள சிறிய உயரம். பட்டையோடு கூடிக் குறையும் டிவிஎச்சும் இருக்கிறது. இங்கே பட்டை அசையப் போவதில்லை என்பதால் எஸ்விஎச் போதும். சஃபாரி 15.4, ஃபயர்பொக்ஸ் 101, குரோம் 108, எல்லாம் 2022இல் வந்த பதிப்புகள், இவற்றிலிருந்து இந்த அலகுகள் விளங்கும். அதற்கு முந்திய போன்களுக்காகத்தான் முதல் வரி.

பொடி, ஃப்ளெக்ஸ் நிரல் (உள்ளவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது): மேலே தேடல் பட்டை, நடுவில் ஃப்ளெக்ஸ்: 1 (மிச்ச இடத்தை எடு) கொடுத்த உறை, கீழே பொத்தான் பட்டை. உறைக்குள் ஸ்க்ரோல் பெட்டி, அதற்கு ஹைட்: 100%, ஓவர்ஃப்ளோ: ஓட்டோ. சேமித்துத் திறந்தால் பெட்டி ஓடவில்லை. அளந்து பார்த்தால் அதன் உயரம் 1984 பிக்சல். 40 நிரை × 48, தலைப்பு 64. அதாவது முழு அட்டவணையின் உயரமும் பெட்டிக்கு வந்துவிட்டது. எதுவும் நிரம்பி வழியவில்லை, ஆகவே ஓடவும் வேலையில்லை.

இந்த இடத்தில் பலர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவை ஸ்க்ரோல் ஆக்கி, இம்போர்ட்டன்ட் போட்டு மல்லுக்கட்டுவார்கள். பிழை பெட்டியில் இல்லை. ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் எந்த உருப்படிக்கும் மின்-ஹைட் (ஆகக் குறைந்த உயரம்) இயல்பாக ஓட்டோ. தன் உள்ளடக்கத்துக்குக் கீழே சுருங்க மாட்டேன் என்பது அதன் பொருள். உருப்படி தானே ஸ்க்ரோல் பெட்டியாக இருந்தால் மட்டும் அந்த அடியளவு பூச்சியமாகும். பெட்டியை நேராகப் பொடிக்குள் வைத்திருந்தால் இது ஓடியிருக்கும். நடுவில் வந்த உறை ஸ்க்ரோல் பெட்டி அல்ல, அதனால் 1984 பிக்சலுக்கு வீங்கி, பெட்டியையும் வீங்க விட்டது. திருத்தம் உறைக்கு ஒரு வரி: மின்-ஹைட்: 0. மூன்று உறை இருந்தால் மூன்றுக்கும் போட வேண்டும், ஒன்று தவறினாலும் சரிவராது. ஃப்ளெக்ஸுக்குப் பதில் கிரிட் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) பாவிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். 1எஃப்ஆர் என்பது உள்ளுக்குள் மின்மக்ஸ்(ஓட்டோ, 1எஃப்ஆர்). அதை மின்மக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று விரித்து எழுதினால் தீரும்.

எந்த உறை என்று கண்டுபிடிக்கப் பொடியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து உயரத்தைப் பாருங்கள். தாயை மிஞ்சிய முதல் பிள்ளைதான் பிழைகாரன். பக்கத்தின் உறுப்புகளைக் காட்டும் கருவியான ஃபயர்பொக்ஸின் இன்ஸ்பெக்டர், உண்மையில் ஓடக்கூடிய உறுப்புக்குப் பக்கத்தில் ஸ்க்ரோல் என்று ஒரு சிறு முத்திரை காட்டும். முத்திரை எதிர்பாராத இடத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பொடிக்கு ஓவர்ஃப்ளோ: ஹிடன் போட்டு வீக்கத்தை மறைப்பது மட்டும் வேண்டாம். பக்கம் நேர்த்தியாகத் தெரியும், கடைசி நிரைகளை ஒருவரும் பார்க்க முடியாது.

ஒட்டும் நிரையும் ஒட்டும் நிரலும்

பெட்டிக்கு உயரம் வந்தவுடன் தலைப்பு ஒட்டியது. மரக்கறிப் பெயர் நிரலுக்கு லெஃப்ட்: 0. இரண்டும் சந்திக்கும் மூலைக் கட்டத்துக்கு டொப், லெஃப்ட் இரண்டும் 0. செட்-இன்டெக்ஸ் (எது எதற்கு மேலே என்ற எண்) மூலைக்கு 3, தலைப்புக்கு 2, முதல் நிரலுக்கு 1. மூலையை மறந்தால் பயிற்றங்காய் மேலே வரும்போது தலைப்பின் மேலேறி நிற்கும். மூன்றுக்கும் ஒளி புகாத பின்னணி நிறம் வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துக்கு மேல் எழுத்து ஓடும்.

போர்டர்-கொலப்ஸ்: கொலப்ஸ் (அடுத்தடுத்த கட்டங்களின் கோடுகளை ஒன்றாக்கு) இருந்தால் ஒட்டிய கட்டங்களின் கோடுகள் ஒட்டாமல் நகர்ந்து போகும். அந்த முறையில் கோடு கட்டத்துக்கு உரியதல்ல, அட்டவணைக்கு உரியது. செப்பரேட் ஆக்கி, போர்டர்-ஸ்பேசிங்: 0 கொடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வலப்புறமும் அடியிலும் மட்டும் கோடு போட்டோம். ஸ்டிக்கியைத் தலைப்பு நிரை முழுவதற்கும் கொடுக்காமல் கட்டங்களுக்குக் கொடுத்ததும் காரணத்தோடுதான்: குரோம் 91க்கு முன் நிரைக்குக் கொடுத்தால் அது கணக்கெடுக்காது.

நிரல் அகலமும் தமிழ்ப் பெயரும்

அதிக நேரம் போனது இதற்கு. போனில் ஸ்க்ரோல் பட்டை விரல் பட்டால்தான் தோன்றும், விட்டால் மறையும். பக்கவாட்டில் இன்னும் இருக்கிறது என்று காட்ட ஒரே நம்பகமான அடையாளம், பாதியில் வெட்டுப்பட்ட நிரல்.

முதலில் பெயர் நிரல் 116 பிக்சல், சந்தை நிரல் 84 பிக்சல். 360இலிருந்து 116 போக 244. அதில் 84 கிட்டத்தட்ட மூன்று முறை போகும். மூன்று சந்தை வடிவாக அடங்கி நின்றன. பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் மூன்று சந்தைதான் என்று நினைத்தார்கள், தள்ளிப் பார்க்கவே இல்லை. அகலத்தை 96 ஆக்கினால் 360இல் இரண்டரை நிரல் தெரியும், நல்லது. ஆனால் 412 பிக்சல் போனில் 296ஐ 96ஆல் வகுத்தால் மறுபடியும் மூன்றும் ஒரு கீற்றும்.

நிலையான அகலம் சரிவராது என்றானதும் சூத்திரத்துக்குப் போனோம்: திரை அகலத்தில் 116ஐக் கழித்து 2.5ஆல் வகு, 84க்குக் குறைந்தால் 84. 320இல் 84, 360இல் 97.6, 412இல் 118.4. எந்தப் போனிலும் மூன்றாவது சந்தை பாதியில் வெட்டுப்பட்டே நிற்கும். 600 பிக்சலுக்கு மேல் 116உம் ஐந்து 96உம் சேர்ந்து 596, எல்லாம் அடங்கிவிடும், அங்கே சூத்திரம் தேவையில்லை. அட்டவணைக்கு டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்ட் (நிரல் அகலத்தைச் சொன்னபடி வை) கொடுத்து, மொத்த அகலத்தையும் கல்க் என்ற கணக்குச் சொல்லைக் கொண்டு வெளிப்படையாக எழுத வேண்டும். அகலத்தை ஓட்டோவில் விட்டால் ஃபிக்ஸ்ட் வேலை செய்யாது.

இப்போது பெயர்கள். 15 பிக்சல் எழுத்தில் மருதனார்மடம் 97 பிக்சல் கட்டத்துக்குள், இருபக்கம் 8 பிக்சல் இடைவெளி போக, ஒரே வரியில் அடங்காது. இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல் என்பதால் உலாவியும் உடைக்காது, பக்கத்துக் கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு போகும். ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் போட்டால் உடைக்கும், ஆனால் இடம் முடிகிற இடத்தில் உடைக்கும். மேல் வரியில் "மருதனார்ம", கீழே "டம்". வாசிக்கிறவருக்கு அது ஊர்ப்பெயராகவே படாது. சொஃப்ட் ஹைஃபன் சரியான இடத்தில் உடைத்தாலும் வரி முடிவில் ஒரு கோடு போடும், தலைப்புக் கட்டத்தில் அது அழுக்குப் போல இருக்கும்.

கடைசியில் கையால், இங்கே உடைக்கலாம் என்று சொல்லும் டபிள்யூபிஆர் குறி வைத்தோம்: மருதனார் / மடம், திரு / நெல்வேலி, கொடி / காமம். சாவகச்சேரியில் கவனம் வேண்டும். "சாவக" என்று நிறுத்தினால் அடுத்த வரி "ச்சேரி" என்று புள்ளி எழுத்தில் தொடங்கும், தமிழ்க் கண்ணுக்கு அது ஆகாது. உடைக்க வேண்டிய இடம் சாவகச் / சேரி. சுன்னாகத்தை அப்படியே விட்டோம். ஐந்து பெயருக்கு இது ஐந்து நிமிட வேலை. இதற்காக ஒரு நிரலகத்தை (லைப்ரரி) தேடி இறக்க வேண்டாம்.

லைன்-ஹைட் 1.2இல் விட்ட பக்கங்களில் "தூ", "மூ", "கூ" போன்றவற்றின் கால்கள் வெட்டுப்படும். ஆங்கில எழுத்தை அளவாக வைத்துப் போட்ட எண் அது. ஸ்க்ரோல் பெட்டி எதையும் வெளியே வழிய விடாது என்பதால் விளிம்பில் இருக்கும் தலைப்பு நிரையில் இது உடனே தெரியும். 1.6 கொடுத்தோம். இரண்டு வரிக்கு 15 × 1.6 × 2 = 48, மேலும் கீழும் 8, ஆக 64. தலைப்பின் உயரம் அங்கிருந்து வந்ததுதான். நிரை உயரம் 48 பிக்சல், மண் பட்ட விரலுக்கும் போதும். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது 24 × 24 தான். அந்த அளவில் வெண்டிக்காயைத் தொட்டால் கத்தரிக்காய் திறக்கும்.

விரல் எங்கே போகிறது

நிரையைத் தொட்டால் அந்த மரக்கறியின் கடந்த 14 நாள் விலை, கீழிருந்து எழும் தட்டில் வரும். தட்டும் ஒரு ஸ்க்ரோல் பெட்டி. அதன் அடி வந்த பிறகும் விரல் தள்ளினால் பின்னால் இருக்கும் அட்டவணை ஓடத் தொடங்கும். தட்டை மூடும்போது வேறு மரக்கறிக்கு முன்னால் நிற்போம். ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்: கன்டெய்ன் போட்டால் ஓட்டம் தட்டோடு நிற்கும். சஃபாரியில் இது 16ஆம் பதிப்பிலிருந்து. ஒரு பொறி இருக்கிறது: இரண்டு நாள் விலை மட்டும் உள்ள மரக்கறிக்குத் தட்டு நிரம்பி வழியாது. வழியாத பெட்டியில் பல குரோம் பதிப்புகள் இந்தக் கட்டளையைக் கவனிப்பதில்லை, விரல் மறுபடி பின்னால் போய்விடும். உள்ளடக்கத்துக்கு மின்-ஹைட்: கல்க்(100% + 1 பிக்சல்) கொடுத்து, ஒரு பிக்சலுக்காவது வழிய விட்டால் தீரும்.

இன்னும் உறுதிக்கு, தட்டு திறந்திருக்கும் நேரம் அட்டவணைப் பெட்டியை ஓவர்ஃப்ளோ: ஹிடன் ஆக்கினோம். நின்ற இடம் மாறாது. ஹிடனும் ஸ்க்ரோல் பெட்டிதான் என்பதால் ஒட்டிய தலைப்பும் கழன்று போகாது. தட்டுக்கு டயலொக் என்ற ஆயத்தச் சாளர உறுப்பைப் பாவித்து, அதை ஷோ-மோடல் கொண்டு திறந்தாலே போதும் என்று நம்ப வேண்டாம். பின்னணியில் அழுத்தல்களை அது தடுக்கும், ஓட்டத்தைத் தடுக்காது. கணினியில் ஹிடன் ஆகும்போது ஸ்க்ரோல் பட்டை மறைந்து அட்டவணை குலுங்கினால் ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள் போடுங்கள், பட்டையின் இடம் ஒதுக்கியபடியே நிற்கும்.

அட்டவணைப் பெட்டிக்கும் கன்டெய்ன் தேவை, வேறு காரணத்துக்காக. உச்சியில் நிற்கும்போது இன்னும் கீழே இழுத்தால் ஓட்டம் பக்கத்துக்குக் கடந்து, அன்ட்ரொயிட் குரோம் பக்கத்தை மீளத் திறக்கும். ஒவ்வொரு முறையும் டேட்டா போகும், தேடலில் எழுதியதும் அழியும். அதை நிறுத்திவிட்டுக் கீழ்ப்பட்டையில் புதுப்பிக்கும் பொத்தான் ஒன்று வைத்தோம்.

பழைய பக்கத்திலிருந்து தொற்றி வந்த ஸ்லைடர் நிரலகம் ஒன்று கட்டங்களுக்கு டச்-அக்ஷன்: பான்-வை (விரலால் மேல்கீழாக மட்டும் ஓட்டலாம்) என்று எழுதி வைத்திருந்தது. விலைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தால் பக்கவாட்டில் அசையாது, தலைப்பின் மேல் வைத்தால் அசையும். இப்படி இடத்துக்கு இடம் மாறும் பிசகென்றால் முதலில் டச்-அக்ஷனைத்தான் தேட வேண்டும், உறுப்பிலும் அதன் உறைகளிலும். பான்-எக்ஸ் பான்-வை என்று இரண்டையும் எழுதினால் ஓட்டம் வரும், இரு விரலால் பெருப்பிப்பது போய்விடும். வயதானவர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள். மனிப்புலேஷன் என்று எழுதினால் ஓட்டமும் பெருப்பித்தலும் இருக்கும், இருமுறை தட்டிப் பெருப்பிப்பது மட்டும் நிற்கும்.

விரல் அசைவைச் சொல்லும் டச்மூவ் நிகழ்வைப் பிடித்து நாமே ஓட்டத்தைக் கணக்கிடும் ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகளை எல்லாம் கழற்றினோம். உலாவி ஓட்டத்தைத் தனி இழையில் நடத்துகிறது. நம் ஜாவாஸ்கிரிப்ட் தடுக்கக்கூடும் என்று தெரிந்தால் அது ஒவ்வொரு அசைவுக்கும் நம் பதிலுக்காகக் காத்து நிற்கும், மலிவான போனில் அந்தத் தாமதம் விரலுக்குத் தெரியும். அந்த நிகழ்வைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமானால் பேசிவ்: ட்ரூ (கேட்பேன், தடுக்க மாட்டேன்). டொக்யுமென்ட் மட்டத்தில் குரோம் 56 இலிருந்து அதுதான் இயல்பு, தனி உறுப்புகளுக்கு நாமேதான் எழுத வேண்டும். பழைய சிஎஸ்எஸ்ஸில் வெப்கிட்-ஓவர்ஃப்ளோ-ஸ்க்ரோலிங்: டச் கிடந்தால் அழித்துவிடலாம். 2019இல் வந்த ஐஓஎஸ் 13இலிருந்து அதற்கு வேலையில்லை.

தேடல் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகப் பெருப்பித்து முழு அமைப்பையும் தள்ளிவிடும். அதைக் கீழ்ப்பட்டையில் வைக்காததற்குக் காரணம் விசைப்பலகை: அது எழும்போது பக்கத்தின் உயரம் குறையாது, கீழே உள்ளது அதன் பின்னால் மறையும்.

விளிம்பு நிழல், விசை, சோதனை

வெட்டுப்பட்ட நிரலுக்குத் துணையாக வலது விளிம்பில் 16 பிக்சல் நிழல். பெட்டியின் பின்னணியில் வரைந்தால் கட்டங்களின் நிறம் மூடிவிடும். ஆகவே உறையின் மேல் ஒரு ஆஃப்டர் உறுப்பு (சிஎஸ்எஸ்ஸாலேயே சேர்ப்பது), பொயின்டர்-ஈவன்ட்ஸ்: நன் (தொடுகை அதில் படாது). கடைசி நிரல் வந்ததும் நிழல் மறைய வேண்டும். ஸ்க்ரோல்-லெஃப்டும் (ஓடிய தூரம்) கிளையன்ட்-வித்தும் (தெரியும் அகலம்) சேர்ந்து ஸ்க்ரோல்-வித்துக்கு (முழு அகலம்) சமமா என்று கேட்டால் சில போன்களில் ஒருபோதும் ஆம் என்று வராது. 412 பிக்சல் போன்களில் பல 2.625 மடங்குத் திரை, அவற்றில் ஸ்க்ரோல்-லெஃப்ட் தசமத்தில் நிற்கும், மற்ற இரண்டும் முழு எண். ஸ்க்ரோல்-வித்தில் 1ஐக் கழித்து, அதற்குச் சமமா அல்லது கூடவா என்று கேட்க வேண்டும். ஐபோனில் இடது விளிம்பைத் தாண்டி இழுத்தால் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும், அதையும் எதிர்பார்த்து எழுதுங்கள்.

விசைப்பலகைக்காரருக்காகப் பெட்டியில் டாப்-இன்டெக்ஸ்: 0 (டாப் விசைக்கு அகப்படும்), திரையை வாசிக்கும் கருவிகளுக்காக ரோல்: ரீஜன், ஒரு அரியா-லேபிள். ஃபோகஸ் வளையம் விளிம்பில் வெட்டுப்படும், அவுட்லைன்-ஒஃப்செட் மைனஸ் 2 பிக்சல் கொடுத்து உள்ளே இழுக்கவும். டாப் அடித்துப் போகும் நிரை தலைப்புக்கு அடியில் ஒளியாமலிருக்க ஸ்க்ரோல்-படிங் (ஓடி நிற்கும்போது விளிம்பில் விடும் இடம்) மேலே 64, இடது 116.

ஓட்டத்தை நிரல் விளிம்பில் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரோல்-ஸ்னப்பும் போட்டுப் பார்த்தோம். நிரல் நிரலாக நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் இங்கே விரல் நேர்கோட்டில் போவதில்லை. கோவா மரக்கறியின் விலையைத் திருநெல்வேலியில் பார்த்து, சாய்வாக இழுத்துக் கொடிகாமத்துக்குப் போகும்போது, எப்போதும் பிடிக்கும் மன்டேட்டரி நடுவழியில் பிடித்து இழுத்தது. கிட்ட வந்தால் மட்டும் பிடிக்கும் ப்ரொக்சிமிட்டியும் அதே தொல்லைதான், அளவில் குறைவு. கழற்றிவிட்டோம்.

கணினிக் குரோமில் போனைப் போலக் காட்டும் முறையில் இந்தப் பிசகுகளில் பாதி தெரியாது. அங்கே முகவரிப் பட்டையும் இல்லை, விசைப்பலகையும் எழாது. யுஎஸ்பி கேபிளில் உண்மைப் போனைச் செருகி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய அசைவுகள் நான்கு: உச்சியில் நின்று கீழே இழுத்தல், தட்டின் அடியில் நின்று மேலே தள்ளுதல், விலைக் கட்டத்தில் விரல் வைத்துச் சாய்வாக இழுத்தல், போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி திறத்தல். கடைசியானதில்தான் மருதனார்மடம் மூன்று வரியாகித் தலைப்பு 64ஐத் தாண்டியது. ஸ்க்ரோல்-படிங்கை எழுத்தளவோடு கூடும் ரெம் அலகுக்கு மாற்றி 5.5 ரெம் வைத்தோம். சாதாரண எழுத்தில் 24 பிக்சல் கூடுதலாக நிற்கும், நிற்கட்டும்.